வனமாலையின் செம்பூப் பாத்தி

பனி பெய்யும் மலைக்கும் நெல் விளையும் சமவெளிக்கும் நடுவே சரக்கு கொண்டுபோய் விற்கும் அரங்கப்பன் என்றொரு வணிகன் ஒரு காலத்தில் வாழ்ந்தான், கேளுங்கள். மலை முகட்டிலிருந்து வனமாலை என்ற பெண்ணை மணந்து, நெல் நாட்டிலிருந்த தன் வீட்டுக்கு அழைத்து வந்தான்.

அவள் முந்தானை முடிச்சில் அம்மாவின் தோட்டத்து விதை கொஞ்சம் இருந்தது. நம் அடுப்படிக் கசகசாவுக்கு அக்காள் முறையான செடி அது. ஒருமுறை வேர் பிடித்தால் ஆண்டுதோறும் செக்கச்செவேலென்று பூக்கும். அந்த ஆண்டே பனிச்சரிவு அம்மாவையும் வீட்டையும் தோட்டத்தையும் மூடிவிட்டது. அவளுக்கு மிஞ்சியது அந்த முடிச்சுதான்.

முதல் முறை, அரிய விதையாயிற்றே என்று விரலாழத்தில் புதைத்தாள். அந்தப் பொடி விதைக்கு அது கிணற்றாழம். ஒன்றும் முளைக்கவில்லை.

மறுமுறை, மணலோடு கலந்து மண்மேல் தூவினாள். பச்சை மயிர்போல் முளைத்தன.

"நாத்தைப் பிடுங்கி நடாம எந்தப் பயிர் வளர்ந்துச்சு, அண்ணி?" என்றாள் நாத்தனார் செங்கமலம். நெல் நாட்டுப் பெண்ணல்லவா! வனமாலையும் பிடுங்கி நட்டாள். ஆணிவேர் அறுந்து அத்தனையும் தலைசாய்ந்தன.

மூன்றாம் முறை, கடைசிச் சிட்டிகையைத் தூவினாள்; தொடவே இல்லை. செடி வளர்ந்தது, பூக்கவில்லை. கோடையில் இலையும் கருகிப் பாத்தி வெறுந்தரையானது.

"உங்க ஊர்ப் பூ வெட்கப்பட்டு உள்ளே போயிடுச்சா, அண்ணி?" என்று சிரித்தாள் செங்கமலம். "மண்வெட்டி கொண்டாரேன். கத்தரி போட்டா குழம்புக்காவது ஆகும்."

"தோண்டித்தான் பாரேன். வேர் உயிரோடு இருந்தால் விட்டுவிடலாம்" என்றான் அரங்கப்பன்.

வனமாலைக்கும் அதே ஆசைதான். பாத்தியருகே குந்தினாள். விரல் மண்ணைத் தொட்டது. அவள் நினைவில் அம்மாவின் முகம்கூட மங்கத் தொடங்கியிருந்தது. அம்மா தோட்டத்துப் பூவின் அந்தச் சிவப்பு மட்டும் மங்கவில்லை. தோண்டினால் தெரிந்துவிடும். தோண்டினால் அறுந்தும்விடும்.

கையை எடுத்துக்கொண்டாள்.

"வேர் உயிரோட இருக்குன்னே நினைச்சுக்கலாம், செங்கமலம். கத்தரியை வேலியோரம் போடு."

மழை வந்தது, பனி வந்தது, வெறுந்தரையில் இலை வந்தது. பங்குனியில் ஒருநாள் காலை, மொட்டின் தோல் வெடித்துக் கசங்கிய பட்டாய் இதழ்கள் விரிந்தன. முதலில் பார்த்தவள் செங்கமலம்தான்.

"அண்ணி! ஓடி வாங்க!"

வனமாலை ஓடவில்லை. மெல்ல வந்து, பூவின் அருகே குனிந்து, தாய்வீட்டுப் பேச்சில் ஏதோ சொன்னாள். செங்கமலத்துக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் அண்ணியின் முதுகில் கை வைத்தபடி நின்றாள்.

ஆகையால், நேசிப்பதைத் தோண்டித் தோண்டிச் சோதிக்காதவருக்கே அது வேரோடு நிலைக்கும்.