மறு கன்னம்

விபூதிப் புதன் காலைப் பூசை முடிந்ததும், மனம் திரும்புவதற்கு அடையாளமாக நெற்றியில் இட்ட சாம்பல் சிலுவை காய்வதற்குள், ஏட்டையா சந்தியாகு அந்த இல்லத்து வாசலில் வந்து நின்றார்.

ஊரை விட்டுத் தள்ளி, திண்டுக்கல் சாலையை ஒட்டி இருந்தது இல்லம். இனி வைத்தியம் இல்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிட்டவர்களும், வீட்டில் வைத்துப் பார்க்க ஆள் இல்லாதவர்களும் அங்கே கிடந்தார்கள். மொத்தம் பன்னிரண்டு கட்டில். ஒரு கட்டில் காலியானால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஊர்க்காரர்கள் அதைக் 'கடைசி வீடு' என்பார்கள்.

அதை நடத்தி வந்த சிஸ்டர் அகத்தாவுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். ஏட்டையா அறுபத்துமூன்று முடித்தவர். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகியும் மீசை மட்டும் இன்னும் வேலையில் இருந்தது.

சிஸ்டர் அப்போது ஒரு மலச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், பொறுமைன்னா என்ன?"

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு கேக்குறீங்க?"

"என் மக ஜெசிந்தா உங்ககிட்ட படிச்சவ. அவதான் அனுப்பினா."

"என்ன சொல்லி அனுப்பினா?"

ஏட்டையா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கழற்றி முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

"பேத்தி, செலின். நாலு வயசு. என் மடியில உக்காந்து பால்சோறு தின்னுக்கிட்டிருந்துச்சு. கிண்ணத்தைத் தட்டிவிட்டுருச்சு. என் வேட்டியெல்லாம் சோறு. கை தானாப் போயிருச்சு சிஸ்டர்."

"எந்தக் கை?"

அவர் இடது கையை நீட்டிக் காட்டினார். அவருக்குப் பிறந்ததிலிருந்தே இடது கைதான் வாகு.

"காதுல ரத்தம் வந்துச்சு. இப்பப் பரவாயில்லை. ஆனா என்னைப் பார்த்தா கட்டிலுக்கு அடியில போயிருது. 'பொறுமைன்னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்கப்பா. அதுவரைக்கும் என் வாசப்படியை மிதிக்காதீங்க. சிஸ்டர் அகத்தா எழுதிக் குடுத்தா நம்புறேன்' அப்படின்னுட்டா."

சிஸ்டர் சட்டியைக் கவிழ்த்து வெயிலில் வைத்தார்.

"எத்தனை நாள்ல கத்துக்கலாம் சிஸ்டர்? போலீஸ் டிரெய்னிங்கே ஒரு வருஷம்தான். இது ஈஸ்டருக்குள்ள முடியுமா?"

சிஸ்டர் கையைத் துடைத்தார். உள்ளே போனார். கடைசிக் கட்டிலில் படுத்திருந்த ஒருவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். படுத்திருந்தவர் தலையைத் திருப்பி, வாசலில் நின்ற ஏட்டையாவை வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்ல ஏதோ சொன்னார். சிஸ்டர் மறுபடியும் கேட்டார். அவர் மறுபடியும் சொன்னார்.

சிஸ்டர் திரும்பி வந்தபோது கையில் ஒரு கிண்ணம் கஞ்சி இருந்தது.

"இவர் பேரு தொம்மை. வயித்துல கட்டி. தானா எடுத்துச் சாப்பிடத் தெம்பில்லை. தபசு காலம் முழுக்க, ஈஸ்டர் வரைக்கும், காலைக் கஞ்சி நீங்க ஊட்டுங்க. இடது பக்கமா உக்காந்து ஊட்டணும்."

"எனக்கு இந்தப் பக்கம்தான் சிஸ்டர் வசதி" என்று ஏட்டையா ஸ்டூலைக் கட்டிலின் வலது பக்கம் இழுத்துப் போட்டு, ஸ்பூனை இடது கையில் எடுத்தார்.

சிஸ்டர் வாயைத் திறந்தார். தொம்மை விரலை லேசாக அசைத்தார். சிஸ்டர் வாயை மூடிக்கொண்டார்.

ஊட்டுவது ஏட்டையா நினைத்தது போல இல்லை.

ஸ்பூன் கிட்டே வந்தாலே தொம்மை கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். வாய்க்குள் போன கஞ்சியில் பாதி, வலது கடைவாய் வழியாக வெளியே வழியும். வழிந்தது கழுத்துக்குப் போகும். துடைத்துவிட்டு அடுத்த வாய் கொடுத்தால் அதுவும் வழியும். ஒரு கிண்ணம் முடிய ஒரு மணி நேரம்.

"வேணும்னே துப்புறான் சிஸ்டர்" என்றார் முதல் வாரம்.

"அப்படியா?" என்றார் சிஸ்டர்.

"நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்! அழுத்தக்காரன். கேட்ட கேள்விக்கு வாயைத் திறக்க மாட்டேங்குறான்."

பக்கத்துக் கட்டிலில் சர்க்கரை நோயால் இரண்டு காலையும் இழந்த பிச்சைமுத்து கிடந்தார். அவருக்கு நாக்கு மட்டும் குறையில்லாமல் இருந்தது.

"ஏட்டையா, கஞ்சி மேல கேஸ் போட்டாச்சா? ஓடிப்போற கஞ்சியைப் பிடிச்சு உள்ள தள்ளுங்க."

"யோவ், சும்மா கிட."

"நான் எங்கய்யா எழுந்து ஓடப்போறேன்? சும்மாதான் கிடக்கேன்."

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், தொம்மைக்கு இருமல் வந்து வாயிலிருந்த கஞ்சி முழுவதும் ஏட்டையாவின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. ஸ்பூன் தரையில் விழுந்தது. இடது கை மேலே போய்விட்டது.

தொம்மை கண்ணை மூடினார். முகத்தைத் திருப்பவில்லை. கையைத் தூக்கி மறைக்கவும் இல்லை. அப்படியே கிடந்தார்.

ஏட்டையா தன் இடது கையைத் தன் வலது கையால் பிடித்து இறக்கினார். எழுந்து சிஸ்டரிடம் ஓடினார்.

"சிஸ்டர், அடிக்கலை! ஓங்கிட்டேன், ஆனா அடிக்கலை!"

சிஸ்டர் ஒரு புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்:

"கிண்ணத்துல இன்னும் கஞ்சி இருக்கு ஏட்டையா."

அதற்குப் பிறகு கை ஓங்கவே இல்லை. துடைக்கப் பழகினார். வழிவதற்கு முன்பே துணியைப் பிடிக்கப் பழகினார். ஒரு கிண்ணம் ஊட்டி முடிக்கும் நேரத்தில் மனசுக்குள் ஒரு முழு ஜெபமாலை சொல்லப் பழகினார். இதற்கிடையில் இரண்டு கட்டில்கள் காலியாகி மறுபடி நிரம்பின. தொம்மை நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தார்.

பெரிய வெள்ளி வந்தது.

பெரிய வியாழனோடு கோயில் மணி ஊமையாகிவிடும். அதற்குப் பதில் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார்கள். காய்ந்த தோலைத் தட்டுவது மாதிரி வறண்ட சத்தம். அது தூரத்தில் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஏட்டையா சவரம் செய்த முகத்தோடு சிஸ்டரின் முன்னால் வந்து நின்றார்.

"தபசு காலம் முடிஞ்சது சிஸ்டர். ஒரு நாள் தவறலை. ஒரு அடி அடிக்கலை. கடுதாசி எழுதிக் குடுத்தீங்கன்னா, ஈஸ்டர் அன்னைக்குப் பேத்தியைப் பார்த்துருவேன்."

சிஸ்டர் மரக்கட்டைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏட்டையா, அந்தக் கட்டையை மத்த நாள்ல எங்க வைப்பாங்க தெரியுமா?"

"தெரியாதே."

"ஒரு பெரிய மரப்பெட்டியில. கட்டை, சுரூபங்களை மூடுற ஊதாத் துணி, எல்லாம் அதுலதான். வருஷத்துக்கு ஒரு தடவை தபசு காலத்துல திறப்பாங்க. ஈஸ்டர் முடிஞ்சதும் எல்லாத்தையும் உள்ள போட்டுப் பூட்டிருவாங்க. அடுத்த வருஷம் வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க."

"சரி."

"ஒரு கோயில்ல, பதினெட்டு வருஷத்துக்கு முன்னால, ஈஸ்டர் பூசையில 'உன்னதங்களிலே' பாட்டு எடுத்தாங்க. எல்லா மணியும் அடிக்குது. கோயிலைக் கூட்டிப் பெருக்குறவர் ஏணியில ஏறி, மாதா சுரூபத்து மேல இருந்த ஊதாத் துணியை உருவிக் கீழ போட்டார். கீழ நின்னவங்க சுருட்டிப் பெட்டியில திணிச்சுப் பூட்டினாங்க. காலையில பார்த்தா, மாதா தலையில இருந்த சின்ன வெள்ளிக் கிரீடத்தைக் காணோம்."

ஏட்டையாவுக்குள் இருந்த போலீஸ்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யார் மேல சந்தேகம்?"

"ஏணியில ஏறினவர் மேல."

"பின்னே? கடைசியாத் தொட்டவன் அவன்தானே. நானா இருந்தாலும் அவனைத்தான் பிடிச்சிருப்பேன்."

"பிடிச்சாங்க."

"ஒத்துக்கிட்டானா?"

"எடுக்காததை எப்படி ஒத்துக்குறது? மூணு நாள் வச்சிருந்தாங்க. கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அவர் தெரியாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். மூணாம் நாள் விழுந்த அறையில வலது தாடை உடைஞ்சுது. ஒழுங்கா வைத்தியம் பார்க்கலை. கோணலாக் கூடிருச்சு. இப்பவும் அந்தப் பக்கம் வாய் மூடாது."

"வலது தாடையா?" ஏட்டையா வழக்கம்போலக் கணக்குப் போட்டார். "அப்ப, எதிர்ல நின்னு அறைஞ்சவன் இடது கை..."

நிறுத்தினார்.

மரக்கட்டைச் சத்தம் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டது.

"எந்த ஊர்க் கோயில் சிஸ்டர்?"

சிஸ்டர் ஊர்ப் பெயரைச் சொன்னார்.

ஏட்டையா மேஜை முன்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, தன் இடது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேறு யாருடைய கையோ வந்து மடியில் கிடப்பது போலப் பார்த்தார். அந்த ஊர் ஸ்டேஷனில் மூன்று வருஷம் வேலை பார்த்திருக்கிறார். எத்தனையோ பேர். எந்த முகமும் நினைவுக்கு வரவில்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது.

"கிரீடம்?" என்றார். மறுபடியும் கேட்டார். "கிரீடம் என்னாச்சு?"

"அடுத்த வருஷம் பெட்டியைத் திறந்து துணியை உதறினாங்க. உள்ள இருந்து விழுந்துச்சு. துணியில மாட்டிக்கிட்டு வந்திருக்கு. மணிச் சத்தத்துல யாருக்கும் கேக்கலை."

"எனக்கு யாரும் சொல்லலையே சிஸ்டர். எங்கேயோ புதைச்சு வச்சிருக்கான்னுல்ல..."

"நீங்க மாற்றலாகிப் போயிட்டீங்க."

"வீட்டுல... பொண்டாட்டி பிள்ளைங்க..."

"திருடன் பொண்டாட்டின்னு பேரு வந்ததும் அந்த அம்மா பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. திரும்பி வரலை. கிரீடம் கிடைச்ச பிறகு கோயில்காரங்க வந்து மன்னிப்புக் கேட்டாங்க. அந்த வருஷமும் ஏணியில ஏறித் துணியை உருவினது அவர்தான்."

ஏட்டையா கடைசிக் கட்டில் பக்கம் பார்க்கவில்லை.

"அவருக்கு என்னைத் தெரியுமா?"

"முதல் நாளே. வாசல்ல உங்க குரலைக் கேட்டதும் தெரிஞ்சுபோச்சு. 'இவர்தான் சிஸ்டர்' அப்படின்னார். வேற ஆளைப் போடட்டுமான்னு கேட்டேன். 'சாம்பல் பூசிக்கிட்டு வந்திருக்கார், இருக்கட்டும்' அப்படின்னார்."

"அப்ப, ஸ்பூனைக் கொண்டு போகும்போதெல்லாம் கண்ணை மூடினது..."

சிஸ்டர் அவருடைய இடது கையைப் பார்த்தார்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லிரவான்னு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்டேன். 'அவசரம் என்ன சிஸ்டர்' அப்படின்னார். நீங்க போன பிறகு அரைக் கிண்ணம் நான் மறுபடியும் ஊட்டுவேன். நீங்க குடுத்ததுல பாதிதான் உள்ள போகும். இன்னைக்குக் காலையிலதான், 'இனிமே எனக்கு நாள் இல்லை, சொல்லிருங்க' அப்படின்னார்."

சிஸ்டர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். பேனாவையும் வைத்தார்.

"உங்க மகளுக்கு எழுதணும்னா எழுதலாம் ஏட்டையா. ஆனா இதுக்குச் சாட்சி நான் இல்லை. சாட்சி அங்க படுத்திருக்கார். அவரைக் கேளுங்க."

தாள் மேஜையிலேயே கிடந்தது.

ஏட்டையா எழுந்தார். அடுப்படிக்குப் போய்க் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். கட்டில்களுக்கு நடுவில் நடந்தார். பிச்சைமுத்து ஏதோ கேலி பேச வாயெடுத்தவர், ஏட்டையாவின் முகத்தைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்டூல் வழக்கமான இடத்தில், கட்டிலின் வலது பக்கம் கிடந்தது. ஏட்டையா அதில் உட்காரவில்லை. கட்டிலைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனார். அங்கே ஸ்டூல் இல்லை. முழங்கால் போட்டார்.

தொம்மை தலையைத் திருப்பிப் பார்த்தார்.

ஏட்டையா ஏதோ சொல்ல முயன்றார். தாடைதான் அசைந்தது. நாற்பது வருஷம் மற்றவர்களைப் பேச வைத்த மனிதருக்கு ஒரு சொல் வரவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து ஊட்டுவதற்கு வலது கைதான் எட்டியது. பழகாத கை. ஸ்பூனைப் பிடித்ததும் நடுங்கியது. பாதி வழியிலேயே கஞ்சி தளும்பி, தொம்மையின் கழுத்திலும் நெஞ்சிலும் கொட்டியது. சூடாகவும் இருந்திருக்கும்.

ஸ்பூன் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

தொம்மை இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

"சிந்துனா சிந்தட்டும் ஏட்டையா" என்றார். "மெதுவா ஊட்டுங்க."