புதருக்குள் இருந்தவர்

செங்கோடன் ஆசிரமத்தில் சேர்ந்தது துறவுக்காக அல்ல. அவருடைய ஒரே மகனை மலைப்பாதை வளைவில் ஒளிந்திருந்து வெட்டியவன் மாதப்பன். அவன் சிறையிலிருந்து திரும்பினால் ஆசிரமத்து வாசல் வழியாகத்தான் ஊருக்குப் போக வேண்டும்.

செங்கோடன் பகலெல்லாம் வாசல் கூட்டினார், தண்ணீர் இறைத்தார், பாடம் கேட்டார். பொழுது சாய்ந்து பஸ் வரும் நேரத்தில் மட்டும் காணாமல் போவார்.

குருவான ஞானமுத்து அடிகளுக்குச் செங்கோடனுடைய மகன் வயதுதான் இருக்கும். முன்பு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். வழக்கொழிந்த சொற்களைத் தேடிப் படிக்கும் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை.

ஒரு மதியம் ஆம்புலன்ஸ் ஒன்று மலையேறிப் போனது. மாதப்பன் சிறையிலேயே நோய்வாய்ப்பட்டுச் செத்துப்போனான், பிணத்தைக் கொண்டு போகிறார்கள் என்று பால்காரர் சொன்னார். செங்கோடன் விளக்குமாற்றைப் பிடித்தபடி வண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் அவரைக் காணவில்லை. அடிகள் தேடிக்கொண்டு போனார். பாதையோரத்து உண்ணிச்செடிப் புதருக்குள் செங்கோடன் குந்தியிருந்தார்.

"அரிவாள் எங்கே ஐயா?"

செங்கோடன் திடுக்கிட்டார். "தெரியுமா சாமி?"

"இன்றுதான் தெரிந்தது. தினமும் ஒருவர் ஒளிந்து குந்திய இடம்போலப் புல் படிந்திருக்கிறதே."

"நேத்தே கிணத்துல போட்டுட்டேன்."

"பிறகு ஏன் இங்கே?"

"காலு தானா வந்துருச்சு. நான் காத்திருந்தவன் கெடந்து செத்துட்டான். என் கையால சாகல. இனி இந்த நேரத்துக்கு நான் என்ன சாமி பண்ணுவேன்?"



"இங்கிலீஷில் 'அவெயிட்' என்று ஒரு சொல் உண்டு ஐயா. ஒரு காலத்தில், ஒருவனைத் தாக்க மறைந்திருப்பதை அது குறித்தது."

"இப்போ?"

"வெறும் காத்திருப்பதுதான். பிரியமானவர் வருவார் என்று வழி பார்ப்பதற்கும் அதையே சொல்கிறார்கள். பழைய பொருள் போய்விட்டது."

"அது மாற எவ்வளவு காலமாச்சு?"

"பல தலைமுறை."

செங்கோடன் சிரிப்பதுபோல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கீழே ஒரு பஸ் வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. அவர் தலை தானாக நிமிர்ந்து, மறுபடி தாழ்ந்தது.

"நான் யாரு வருவாங்கன்னு வழி பாக்குறது? எம்பையனும் வரமாட்டான். இனி அவனை வெட்டினவனும் வரமாட்டான். யாரு சாமி வருவாங்க எனக்கு?"

அடிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முள்ளை விலக்கிக் குனிந்தார்.

"தெரியவில்லை ஐயா. கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்."