அமாவாசைக்கு அமாவாசை காசி போன வேன்

களக்காட்டு வெயிலுமுத்துவின் வாய்க்கு பிரேக் கிடையாது. அவருடைய வேனுக்கும் கிடையாது, அது வேறு விஷயம்.

வாழைத்தார் ஏற்றுவதற்கென்று இரண்டு வருசத்துக்கு முன்னால் புதுசாக எடுத்த மினி வேன் அது. அன்றைக்குக் காலையில் பாளையங்கோட்டை சர்வீஸ் சென்டருக்கு டிராக்டருக்குப் பின்னால் கயிறு கட்டி வந்து சேர்ந்திருந்தது. இன்ஜினையே மாற்ற வேண்டுமாம். வாரண்டியில் மாற்றினால் ஓசி. இல்லாவிட்டால் மனைவி பேச்சியின் சங்கிலி அடகுக்குப் போகும். அதை நினைக்க நினைக்க அவருக்குப் பயம் கூடியது. பயம் கூடினால் அவருக்கு வாய் இன்னும் கூடுதலாக ஓடும்.

பக்கத்து நாற்காலியில் ஆட்டோக்காரர் கோமதிநாயகம் ஓசி டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். எதிரே, கம்ப்யூட்டருக்கு முன்னால், கழுத்தில் டை கட்டிய சர்வீஸ் அட்வைசர் ஜெபஸ்டின்.

"இந்த வண்டி பண்ணுன கூத்தச் சொன்னா நம்பமாட்டீரு," என்று வெயிலுமுத்து ஆரம்பித்தார். "எடுத்த அன்னைக்குப் பூசை போட்டு நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சோம். சாவியத் திருகுனேன். பழத்து மேல ஏறி அப்படியே நின்னுட்டு. இங்க போனப் போட்டா, 'இந்தா, ஆள் வந்துக்கிட்டே இருக்கு'ன்னாவ. ஆள் வாரதுக்குள்ள பழம் முளைச்சிட்டு."

"முளைச்சிட்டா?"

"முளைச்சிட்டாவா? மரமாயி, பூத்து, காய்ச்சி, வண்டியவே அந்தரத்துல தூக்கிட்டுவே! மெக்கானிக்கு ஜாக்கி போடுத வேலையே இல்ல. பேச்சி இன்னும் அந்தக் காயிலதான் ஊறுகா போடுதா."

கோமதிநாயகத்துக்குப் புரையேறியது. "மெக்கானிக் என்ன சொன்னாரு?"

"வாரண்டியில மரம் வராது, வெட்டிட்டுக் கூப்புடுங்கன்னுட்டுப் போயிட்டாரு."

ஜெபஸ்டின் தலையை நிமிர்த்தாமலே சிரித்தான். ஆள் சிரித்துவிட்டான் என்றதும் வெயிலுமுத்துவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

"அதாவது பரவாயில்ல. ஹாரன அமுக்குனா வைப்பர் ஆடும். சரி பண்ணித் தாரோம்னு வாங்கி, எந்த வயர எதுல மாட்டுனாவளோ தெரியல, அதுலேர்ந்து ஹாரன அமுக்குனா மழையே பெய்யுது. போன ஐப்பசியில எங்க ஊர்ல பேஞ்சது பூராவும் நான் அடிச்ச ஹாரன்தான். நெல்லு காயப்போட்டவன்லாம் என்னய வையுதான்!"

"மொத்தத்துல, உம்ம வண்டி வாசலத் தாண்டுனதே இல்லன்னு சொல்லும்," என்றார் கோமதிநாயகம். "பேசாம இரும்புக்கடையில போடும்வே. என் ஆட்டோ நேத்துகூட திருச்செந்தூர் போயிட்டு வந்துச்சி."

வெயிலுமுத்துவுக்குச் சுருக்கென்றது. அவர் வண்டியை அவர் வையலாம். அடுத்தவன் வைதால் பொறுக்குமா? வாரண்டி, சங்கிலி, பேச்சி எல்லாம் அந்த நிமிசமே மறந்துபோனது.

"யாரு வண்டிய யாரு இரும்புக்கடைக்குப் போடுதது? என் வண்டி கெளம்பாது. கெளம்புச்சுன்னா நிக்காது, தெரியுமா? போன சித்திரையில ஒருநா கெளம்புச்சு. சாவிய உருவுனேன், நிக்கல. சாவியத் தூர எறிஞ்சேன், அப்பவும் நிக்கல. மதுரை போச்சு, மெட்ராஸ் போச்சு. நாக்பூர்ல டிராபிக் போலீஸ் கையக் காட்டுனாரு, அவரையும் ஏத்திக்கிட்டுப் போச்சு. காசியில ரேடியேட்டருக்குக் கங்கைத் தண்ணி ஊத்துனேன். குடிச்ச வேகத்துல இமயமலையில ஏறிட்டு! அங்க பனியில ஒரு சறுக்கு. அந்த ஒரே சறுக்குல நாங்குநேரி வந்து எறங்கியாச்சு. சொட்டு டீசல் செலவில்ல!"

"ஏதோ ஒரு தடவ, ஒரு மட்டம் தப்பித்தவறிப் போயிருக்கும்," என்றார் கோமதிநாயகம்.

"ஒரு மட்டமா? வாங்குன நாள்லேர்ந்து அமாவாசைக்கு அமாவாசை காசிதான்வே! அங்க என் வண்டி நிக்கதுக்குன்னே நிழலா ஒரு எடம் ஒதுக்கி வச்சிருக்காவ."

ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஜெபஸ்டின் மட்டும் கம்ப்யூட்டரைத் தட்டுவதை நிறுத்தினான்.

"அண்ணாச்சி, உங்க வண்டியில கிலோமீட்டர் காட்டுத மீட்டர் ஓடல. எடுத்த அன்னைக்கே போயிட்டு போல. எம்புட்டு ஓடியிருக்குன்னு தெரியாம காலையிலேர்ந்து முழிச்சிக்கிட்டு இருந்தேன். நல்லவேளை, நீங்களே சொல்லிட்டிய."

"அதுக்கென்ன தம்பி?"

"ஒரு லட்சம் கிலோமீட்டர் வரைக்கும்தான் வாரண்டி. மாசாமாசம் காசின்னா அது எப்பவோ தாண்டியிருக்கும்லா."

வெயிலுமுத்துவுக்குப் பேச்சியின் வெறுங்கழுத்து கண்முன்னால் வந்து நின்றது. எழுந்துபோய் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, எங்க அம்மை மேல சத்தியமாச் சொல்லுதேன். காசியும் இல்ல, கங்கையும் இல்ல. ரெண்டு வருசத்துல நாங்குநேரி வரைக்கும் மூணு மட்டம் போயிருக்கு. மூணு மட்டமும் தள்ளிக்கிட்டுத்தான் வீடு வந்து சேந்தோம். அதுக்கு மேல ஒரு அடி நகந்ததில்ல."

காலையிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான்.

ஜெபஸ்டின் மறுபடியும் கம்ப்யூட்டரைத் தட்ட ஆரம்பித்தான்.

"அண்ணாச்சி, ஊறுகாய நம்புனேன், மழைய நம்புனேன். புது வண்டி ரெண்டு வருசத்துல மூணு மட்டம்தான் ஓடுச்சா? புளுகுததுக்கும் ஒரு அளவு வேண்டாமா?"