இடைவேளைப் பாஸ்

தியேட்டர் முதலாளி வைரவநாதன், கவுண்டர் கம்ப்யூட்டரில் இருக்கும் டிக்கெட் சாஃப்ட்வேருக்கு மலிவான அப்கிரேடு லைசென்ஸ் வாங்கி வந்தார். பழைய லைசென்ஸ் உள்ளவர்களுக்குத்தான் அது செல்லும். அவருடைய பழையதோ திருட்டுக் காப்பி.

"ஏறமாட்டேங்குது சார்," என்றாள் டிக்கெட் கொடுக்கும் இசக்கியம்மாள்.

"சாயங்காலத்துக்குள்ள ஏத்து. இல்லேன்னா நாளைக்கு வராதே."

மாலை இடைவேளையில், டீ குடிக்க வெளியே போகிறவர்கள் திரும்ப உள்ளே வரத் தரும் பாஸை நீட்டியபடி அவளுடைய சித்தப்பா வாசலுக்கு வந்தார். முதலாளி மறித்தார்.

"டிக்கெட் எங்கேய்யா?"

"எடுக்கலைங்க. பாஸ் மட்டும் இசக்கி கொடுத்துச்சு."

"டிக்கெட்டே எடுக்காதவனுக்குப் பாஸ் எப்படிய்யா செல்லும்?"

அவர் போட்ட சத்தத்தில் டீக்கடைக் கூட்டமே திரும்பிப் பார்த்தது. இசக்கியம்மாள் கவுண்டருக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னாள்:

"காலையிலேர்ந்து கம்ப்யூட்டரும் அதைத்தான் சார் கேக்குது."

முதலாளி சித்தப்பாவின் கையிலிருந்த பாஸைப் பார்த்தார்.

"நாளைக்கு வரும்போது, முழு லைசென்ஸ் என்ன விலைன்னு விசாரிச்சுட்டு வா," என்றார்.