திரைக்குப் பின்னால் நீட்டிய கை

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் காலையில் ஓர் உத்தரவு போட்டுவிட்டுத்தான் பல் துலக்குவார்கள் என்றிருந்த காலத்தில், கடலோரமாக ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு ராஜா நல்லவர்தான். காதில் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதையே தன் யோசனை என்று நம்பிவிடுவார், அவ்வளவுதான் குறை.

அங்கே ஏரியையும் மதகுகளையும் கவனிக்கும் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுப்பது குடவோலையில். விரும்பும் ஆளின் பெயரை ஓலையில் எழுதியோ எழுதச் சொல்லியோ குடத்தில் போட வேண்டும். குடத்தின் அருகே போகிறவர் யாராக இருந்தாலும் இரண்டு கையிலும் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொள்வது வழக்கம். குடம் வைக்கும் மண்டபத்து வாசலில் ஒரு கல் நின்றது. ராஜாவின் பாட்டனார் வெட்டி வைத்தது. ‘இந்நாட்டில் பிறந்தவர் எந்த இனத்தார், எந்த நிறத்தார் ஆயினும் அவர் ஓலை இடுவதை எவரும் தடுக்கலாகாது’ என்று அதில் இருந்தது.

அந்தக் கல் வந்ததற்குக் காரணம் அளத்துத் தெரு மக்கள். பல தலைமுறைக்கு முன் கப்பலில் வந்து இறங்கியவர்கள். கரிய மேனி, சுருண்ட முடி. உப்பளத்தில் பாடுபடுகிறவர்கள். ஒரு புயலில் கரை உடைந்தபோது ஊரைக் காப்பாற்ற உடம்பையே அணையாக வைத்து நின்றவர்கள். பாட்டனார் அதை மறக்கவில்லை. பேரனுக்கு ஞாபகம் இல்லை.

அளத்துத் தெருவுக்குக் குடிதண்ணீர் வர வேண்டிய மதகு அடைத்தே கிடந்தது. தண்ணீர் முழுக்க மந்திரி நுண்மதியாரின் கரும்புத் தோட்டத்துக்குப் போனது. இந்த முறை தங்களில் ஒருத்தியான வேலாச்சியை வாரியத்துக்கு அனுப்பி மதகைத் திறப்பது என்று அளத்துத் தெரு முடிவு செய்தது. அது தெரிந்ததும் நுண்மதியாருக்குச் சோறு இறங்கவில்லை. நேரே ராஜாவிடம் போனார்.

“மகாராஜா, விவரம் இல்லாதவர்கள் ஓலை போட்டால் நாடு என்ன ஆகும்? ஓலை இட வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்போம். பதில் சொன்னால் போடட்டும். கேள்வியை அடியேனே கேட்கிறேன்.”

ராஜாவுக்குக் கேள்வி பதில் என்றால் கொள்ளை ஆசை. உடனே உத்தரவு போட்டுவிட்டுப் பல் துலக்கப் போனார்.

ஓலை இடும் நாள் வந்தது. நுண்மதியார் குடத்தருகே சாய்ந்து உட்கார்ந்தார். தன் ஆட்கள் வந்தால், “சூரியன் எந்தத் திசையில் உதிக்கும்?” என்பார். அளத்துத் தெரு முகம் தெரிந்தால், “இந்தக் குடத்துத் தண்ணீரில் எத்தனை சொட்டு?” என்பார். பக்கத்தில் அதற்கென்றே தண்ணீர்க் குடம் ஒன்றை வைத்திருந்தார். என்ன அக்கிரமம் பாருங்கள்!

வேலாச்சியின் முறை வந்தது.

“எத்தனை சொட்டு?”

“முன்னால போனவருக்குச் சூரியன், எனக்குச் சொட்டா? ஏன் சாமி?”

“பதில் தெரியாவிட்டால் நகர்.”

“நகர மாட்டேன். எந்தப் பக்கம் நகரச் சொல்றீங்க? கடலுக்குள்ளயா?” என்றவள் மஞ்சள் கையோடு போய் அந்தக் கல்லின் மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்து அளத்துத் தெரு மொத்தமும் உட்கார்ந்தது. காவலர்கள் தூக்கப் பார்த்தார்கள். எத்தனை பேரைத் தூக்குவது? ஓலை இடுவது நின்றுபோனது.

செய்தி சபைக்குப் போனது. அங்கே சொக்கட்டான் என்று ஒரு விகடகவி இருந்தான். வாயைத் திறந்தால் சிரிப்பு, சிரித்து முடித்தபின் உறைக்கும். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை.

“மகாராஜா, மந்திரி வாயைப் பார்த்துக் கேள்வி கேட்கவில்லை, தோலைப் பார்த்துக் கேட்கிறார். பாட்டனார் கல்லில் தடுத்ததை இவர் குடத்தில் செய்கிறார்.”

“அபாண்டம்!” என்று நுண்மதியார் துள்ளினார். “உத்தரவில் இனம் என்றோ நிறம் என்றோ ஓர் எழுத்து உண்டா?”

ராஜாவுக்குக் கோபம். தன் உத்தரவைக் குறை சொன்னால் எந்த ராஜாவுக்குத்தான் பிடிக்கும்? “சொக்கட்டான், ஓலை இடுவது நாளைக்கு முதலிலிருந்து மறுபடி தொடங்கட்டும். என் உத்தரவில் ஓர் எழுத்தும் மாற்றாமல் நீ சொன்னதை மெய்ப்பித்துக் காட்டு. காட்டாவிட்டால் நாளை மறுநாள் முதல் நீயும் உப்பளத்தில் உப்பு வார வேண்டியதுதான்.”

“உத்தரவு மகாராஜா. இரண்டே வேண்டுகோள். நாளை கட்டியங்காரன் வேலையை நான் பார்க்க வேண்டும். தாங்களும் வரிசையில் நின்று ஓலை இட வேண்டும். தங்கள் பாட்டனார் அப்படித்தான் நின்றாராம்.”

மறுநாள் நுண்மதியார் மண்டபத்துக்கு வந்தபோது, அவர் ஆசனத்துக்கு முன்னால் கனத்த திரை ஒன்று தொங்கியது.

“என்ன இது?”

“மந்திரி கேள்வி கேட்க வேண்டும், வந்தவர் பதில் சொல்ல வேண்டும். உத்தரவில் அவ்வளவுதான் இருக்கிறது. முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எங்கே இருக்கிறது? இருந்தால் காட்டுங்கள், கிழித்துவிடுகிறேன்” என்றான் சொக்கட்டான்.

பேச்சை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. சபையில் பெரியவர்களிடம் குடிமக்கள் மெல்லச் சொல்வதைக் கட்டியங்காரன்தான் உரக்கத் திருப்பிச் சொல்வான். அன்று மண்டபத்திலும் அதுவே நடந்தது. எல்லாப் பதிலும் சொக்கட்டான் குரலிலேயே வந்தது.

நுண்மதியாருக்கு வியர்த்தது. சூரியனைக் கேட்டால் எல்லாரும் உள்ளே. சொட்டைக் கேட்டால் எல்லாரும் வெளியே. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “கையைத் திரைக்கு இந்தப் பக்கம் நீட்டச் சொல்!” என்றார். கை வந்தது. மஞ்சள். அடுத்த கையும் மஞ்சள். அதற்கடுத்ததும் மஞ்சள்தான்.

ஆனால் அவர் லேசுப்பட்ட ஆளா? தடவிப் பார்க்க ஆரம்பித்தார். மெத்தென்று இருந்தால் சூரியன், காய்த்துப் போயிருந்தால் சொட்டு. உப்பு வாருகிற கை காய்க்காமல் இருக்குமா என்பது அவர் கணக்கு.

ஏர் பிடித்த கையும் காய்க்கும் என்பதை அவர் மறந்துவிட்டார். சற்று நேரத்தில் திரைக்கு அப்பால் கூச்சல் கிளம்பியது. “யோவ் மந்திரி! நான் உன் சித்தப்பன் மவன்யா! என்கிட்டயே சொட்டு எண்ணச் சொல்றியா?”

“சித்தப்பா மகன் என்பது விடையாகாது என்று அறிவிக்கிறேன்” என்று கட்டியம் கூறினான் சொக்கட்டான்.

திடீரென்று கூட்டம் அடங்கியது. அது தனக்குக் கிடைத்த மரியாதை என்று நுண்மதியார் நினைத்துக்கொண்டார். ஒரு கை நீண்டது. மோதிரம் இல்லை, வளையல் இல்லை. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.

“எத்தனை சொட்டு?”

“தெரியவில்லை என்கிறார்” என்றான் சொக்கட்டான்.

நுண்மதியாருக்குப் பொறுமை போய்விட்டது. “இவனுக்கு எப்படித் தெரியும்? தொட்டாலே தெரிகிறதே, உப்புக் கை! கப்பலில் வந்து இறங்கிய கரிக்கட்டைக்கு ஓலை ஒரு கேடா? பிடித்து வெளியே தள்ளுங்கள்!”

திரை கிழிந்து விழுந்தது. கையை நீட்டியபடி நின்றவர் ராஜா. மஞ்சள் பூசுவதற்காக மோதிரங்களைக் கழற்றியிருந்தார். வாளும் வில்லும் பிடித்துப் பிடித்துக் காய்த்த கை அது.

ராஜா தன் கையைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற வேலாச்சியின் கையைப் பார்த்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. வேலாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

“பெண்ணே, உன் தெருவுக்கு ஓலை இடும் உரிமையை இன்று நான் தருகிறேன்” என்றார் ராஜா பெருமையாக.

“நீங்க தர்றதுக்கு அது உங்க மடியில இல்ல மகாராசா. உங்க பாட்டனார் கல்லுல வெட்டி வச்சது. எங்களுதை நாங்க எடுத்துக்க வந்திருக்கோம். வழி விட்டாப் போதும்.”

ராஜாவின் முகத்திலிருந்து சிரிப்பு மறைந்தது. கல்லை ஒருமுறை படித்தார். அது வரைக்கும் அவர் அதைப் படித்ததே இல்லை. பிறகு ஒதுங்கி வழி விட்டார்.

ராஜா நுண்மதியாரின் ஓலை இடும் உரிமையைப் பறிக்கப் போனபோது சொக்கட்டான்தான் தடுத்தான். “வேண்டாம் மகாராஜா. ‘எவரும் தடுக்கலாகாது’ என்றிருக்கிறது. அந்த ‘எவரும்’ தங்களையும் சேர்த்துத்தான். மந்திரி பதவி கல்லில் இல்லை. அதை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.”

ராஜா எடுத்துக்கொண்டார். கேள்வி உத்தரவையும் கிழித்துப் போட்டார்.

வேலாச்சி ஜெயித்தாள். அளத்துத் தெரு மதகு திறக்கிற நாளில் ராஜாவும் வந்தார், சொக்கட்டானும் வந்தான். கூட்டத்தின் கடைசியில் ஒளிந்து நின்ற நுண்மதியாரை வேலாச்சி பார்த்துவிட்டாள்.

“முன்னால வாங்க சாமி. எத்தனை சொட்டுன்னு கேட்டீங்கல்ல?” என்று மதகுப் பலகையை ஓங்கித் தூக்கினாள். தண்ணீர் இரைந்துகொண்டு தெருவுக்குள் பாய்ந்தது. “இந்தா வருது. எண்ணிக்கோங்க.”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த சிரிப்பில் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சொக்கட்டானுக்குப் போட்டார். அவன் அதைக் கவனிக்கவே இல்லை. அளத்துத் தெருக்காரர்களோடு சேர்ந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தான்.