கொசுறாக வந்த புத்தகம்

ஒரு காலத்தில், பழைய புத்தகக் கடையொன்றின் அடித்தட்டில், இயற்கையை ரசிக்கச் சொல்லும் படப் புத்தகம் ஒன்று கிடந்தது. அதற்கு ஒரு குறை. பத்தாம் பக்கத்தில் ஒரு புழு கிளையோடு தன்னைக் கட்டிக்கொண்டு கூடாகும். "தொடாதீர்கள், பொறுத்திருந்து பாருங்கள்" என்று கீழே எழுதியிருக்கும். அடுத்த தாளை யாரோ கிழித்துவிட்டார்கள். கூட்டிலிருந்து என்ன வரும் என்று புத்தகத்தால் காட்ட முடியாது.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் பெனிட்டாவுக்குக் கைடு வாங்க வந்தார் லூர்துராஜ். கடைக்காரர் கைடின் மேல் படப் புத்தகத்தையும் வைத்தார்.

"தாள் போன புத்தகம் சார். கொசுறா வச்சுக்கோங்க."

வீட்டு அலமாரியில் கைடு கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது.

"கொசுறே, கொஞ்சம் தள்ளு. உன்னைப் படித்து யாராவது மார்க் வாங்கியிருக்கிறார்களா?"

"இல்லை."

"முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி. நீ பத்துப் பக்கம் இழுத்தும் முடிக்காததை நான் ஒரே வரியில் முடித்துவிட்டேன்."

படப் புத்தகம் அச்சகத்தில் பிறந்து, பெட்டிகளுக்குள்ளேயே வளர்ந்தது. உயிருள்ள பட்டாம்பூச்சியை அது பார்த்ததே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லூர்துராஜ் கத்தரிக்கோலோடு மொட்டைமாடிக்குப் போனார். தொட்டியில் வைத்திருந்த எலுமிச்சைச் செடியைப் புழு பாதி தின்றிருந்தது. ஒரு கிளையில் பச்சையாக ஒரு கூடு ஒட்டியிருந்தது. பெனிட்டா கீழே ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து பத்தாம் பக்கத்தை நீட்டினாள்.

"வெட்டாதீங்கப்பா. இதுல போட்டிருக்கு."

"அடுத்த பக்கம் எங்க?"

"அது இல்லப்பா."

"பட்டாம்பூச்சி வரும்னு எல்லாரும்தான் சொல்றாங்க. நான் ஒருநாளும் பாத்ததில்ல."

"நானும் பாத்ததில்லப்பா."

அவர் கூட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "சரி, பத்து நாள். அப்புறம் கிளை இருக்காது."

அன்றிலிருந்து புத்தகம் தினமும் தொட்டிக்கு அருகே விரிந்து கிடந்தது. பெனிட்டா அதன் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் அலமாரிக்குத் திரும்பினால் கைடு காத்திருக்கும்.

"இன்றாவது உன்னைப் படித்தாளா?"

"இல்லை. செடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்."

"ஐயோ பாவம்."

"நானும் செடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றது புத்தகம்.

ஒன்பதாம் நாள் காலை கூடு கறுத்துப் போயிருந்தது. கத்தரிக்கோலோடு வந்த லூர்துராஜ் குனிந்து பார்த்தார்.

"அழுகிப்போச்சு பெனி. விடு, வெட்டிரலாம்."

"இன்னும் ஒருநாள் இருக்குப்பா." அவள் கிளையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

என் பேச்சை நம்பித்தானே இந்தப் பிள்ளை அப்பனை மறித்து நிற்கிறாள், நான் பொய்யாகிவிட்டால் இனி எதை நம்புவாள் என்று புத்தகம் தவித்தது.

அப்போது கூட்டின் தலைப்பக்கம் மெல்ல விரிசல் விட்டது.

முதலில் இரண்டு கால்கள் வந்தன. பிறகு, பிழிந்த துணிபோலச் சுருண்ட சிறகுகள். கூட்டுக்குள் கறுப்பாகத் தெரிந்தது அழுகல் இல்லை, சிறகின் நிறம். லூர்துராஜ் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு மகளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"ஜெசிந்தா, அடுப்ப அணைச்சிட்டு மேல வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். சத்தமாகக் கூப்பிடக்கூட அவருக்குத் தயக்கமாக இருந்தது.

மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். சுருக்கம் விரிந்தது. கறுப்பில் மஞ்சள் திட்டுகளும், ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டும் தெளிந்தன. வெயில் ஏறியதும் பட்டாம்பூச்சி இரண்டு தரம் சிறகை அசைத்துப் பார்த்துவிட்டுக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பறந்தது. பெனிட்டா அதன் பின்னாலேயே ஓடினாள். புத்தகத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தரையில் கிடந்தபடியே புத்தகம் அதைக் கண் நிறையப் பார்த்தது. தன்னிடம் உள்ள எந்தப் படமும் அதன் கால்தூசிக்கு வராது என்று கண்டுகொண்டது. ஒரு புத்தகம் தோற்று அத்தனை பெருமைப்பட்டது அன்றுதான்.