கோடு போட்டவர்கள்

எலும்பு உண்டு, கால் இல்லை. மண்ணுக்குள் நீந்தும்; மீன் இல்லை. வயிற்றால் ஊரும், பாம்பு இல்லை. அது என்ன?

விடை, காலில்லாத அரணை.

அப்படி ஒரு தாயும் குறுமணி என்ற அதன் குட்டியும் ஒரு காட்டோரத்தில், புங்கமரத்துச் சருகுகளின் அடியில் வாழ்ந்தன. ஐப்பசி மழையில் ஓடை பெருகியது. அவற்றின் வளைக்குள் தண்ணீர் புகுந்தது.

அருகில் ஒரு பாறை இருந்தது. மழைக்காலத்தில் பல்லி, ஓணான், அரணை எல்லாம் அதன் வெடிப்புக்குள் ஒதுங்கும். வாசலில் ஓர் ஓணான் காவல் இருந்தது. வருகிறவர்கள் வாசல் சேற்றில் கால் பதித்துக் காட்ட வேண்டும். தடத்தைப் பார்த்த பிறகே ஓணான் வழிவிடும். பாம்பு நுழையாமலிருக்க முன்னோர் வைத்த வழக்கம் அது.

தாய் அரணை சேற்றில் ஊர்ந்து காட்டியது. நீளமாக ஒரு கோடு விழுந்தது.

"கால் எங்கே?" என்றது ஓணான்.

"எங்களுக்குக் கால் கிடையாது, அண்ணே. நாங்களும் அரணைதான். உள்ளே இருக்கிற பெரிய அரணை எனக்கு ஒன்றுவிட்ட அக்கா."

"மழை வந்தால் பாம்புகூட அக்கா உறவு சொல்லும். கோடு போடுகிறவர்களுக்குப் புற்று இருக்கிறது. அங்கே போ."

பெரிய அரணை வெடிப்பிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தது. உடனே தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

வேறு வழியில்லை. இரண்டும் புற்றுக்குப் போயின. புற்றின் வாயில் ஒரு சாரைப்பாம்பு படுத்திருந்தது.

"கால் இல்லை என்று துரத்தினார்களா? இங்கே யாருக்குக் கால் இருக்கிறது? வா பிள்ளை, வா."

குறுமணி முன்னால் போனது. ஒரு மழைத்துளி அதன் கண்ணில் விழுந்தது. அது கண்ணை மூடித் திறந்தது.

சாரை தலையைத் தூக்கியது. "எங்கள் இனத்தில் யாருக்கும் இமை கிடையாது. இமைக்கிறதெல்லாம் எங்களுக்கு இரை!"

சொல்லிக்கொண்டே பாய்ந்தது. வால்தான் வாயில் சிக்கியது. குறுமணி வாலைக் கழற்றி விட்டுவிட்டுத் தப்பியது. துண்டு வால் சாரையின் வாயில் துள்ளிக்கொண்டிருந்தபோதே தாயும் குட்டியும் பாறையை நோக்கி விரைந்தன.

குறுமணியின் மொட்டை வாலை ஓணான் குனிந்து பார்த்தது.

"வாலைக் கழற்றினாயா? அது பல்லிக்கும் அரணைக்கும்தானே வரும்! நீ நம்ம ஆள். உள்ளே போ."

"அம்மா?"

"அவள் வால் முழுசாக இருக்கிறதே. அவளுக்கு என்ன சாட்சி?"

"இது நான் பெற்ற பிள்ளை, அண்ணே," என்றது தாய்.

"இருக்கலாம். வழக்கம் என்று ஒன்று இருக்கிறது."

தண்ணீர் வாசல் சேற்றைத் தொட்டது. தாய் குட்டியின் பக்கம் திரும்பியது.

"நீ உள்ளே போ, கண்ணு. நான் மேட்டு மணலில் புதைந்துகொள்கிறேன். அங்கே கீரி திரியும். உனக்கு அந்த இடம் வேண்டாம்."

ஓணான் ஒதுங்கி வழிவிட்டது. வெடிப்புக்குள் ஈரமில்லை.

காலை எண்ணி இனம் பிரிக்கிறவர், வாசலில் வந்து நிற்கும் சொந்தத்தையே வெள்ளத்தில் விட்டுவிடுவார்.

குறுமணி அம்மாவோடு மேட்டுக்குப் போயிற்று.